இதய ஸ்கேனை எவ்வளவு நம்பலாம்?



இன்றைய பொழிவின் பொருள் மருத்துவம் சார்ந்தது. எனினும் அது மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. ஐம்பது வயதைக் கடந்தவர் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் என்றேனும் ஒருநாள் எழும் கேள்வி இது: "உடம்பில் குழாய் விடாமல், வெளியிலிருந்தே படம் எடுத்து, இதயத்தில் அடைப்பு இருக்கிறதா என்று சொல்லிவிடுகிறார்களாமே, அதை நம்பலாமா?"

இதற்கு "நம்பலாம்" என்றோ "நம்பக் கூடாது" என்றோ ஒரு சொல்லில் விடை கூறினால் இரண்டுமே தீங்கு தரும். அறிக்கையில் "நார்மல்" என்ற சொல்லைக் கண்டதும், மாடிப்படி ஏறுகையில் வரும் நெஞ்சிறுக்கத்தைப் பொருட்படுத்தாமல் விட்டவர் உண்டு. "அறுபது விழுக்காடு அடைப்பு" என்ற வரியைக் கண்டதும், மறுநாளே நகையை அடகு வைத்துப் பெருமருத்துவமனைக்கு ஓடிய குடும்பமும் உண்டு. இரு சாராரும் செய்த பிழை ஒன்றே. படம் என்ன காட்டுகிறது என்று பார்த்தார்கள். அது யாருக்கு, எந்த ஐயத்தைத் தீர்க்க எடுக்கப்பட்டது என்று பார்க்கவில்லை.

கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூருக்கு அருகில் இருப்பது ஏலாக்குறிச்சி. தமிழ் கற்றோர் இவ்வூரைத் திருக்காவலூர் என்ற பெயரால் அறிவர். வீரமாமுனிவர் பல்லாண்டுகள் தங்கிய ஊர். அவருடைய திருக்காவலூர்க் கலம்பகத்தின் பாட்டுடைத் தலம். எழுத்துச் சீர்திருத்தம் என்றதும் அவர் பெயர் நினைவுக்கு வரும். எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி இட வேண்டும் என்பது தொல்காப்பியம் கூறும் விதி. பவணந்தி முனிவரின் நன்னூலும் அதையே வழிமொழியும். ஆனால் ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சி, ஏடெழுதியோர் அதனை விட்டுவிட்டனர். அதனால் ஓர் எழுத்து எகரமா ஏகாரமா என்பதை முன்பின் உள்ள சொற்களை நோக்கியே படிப்பவர் துணிய வேண்டியிருந்தது. ஏலாக்குறிச்சி என்னும் பெயரின் முதலெழுத்தே அவ்வாறு ஐயத்துக்கு இடம் தருவதுதான். அந்த ஐயம் நீங்கவே முனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் தந்தார்.

இதய ஸ்கேனையும் பழைய ஏட்டைப் போலவே முன்பின் நோக்கிப் படிக்க வேண்டும். நோயாளியின் வயது, நெஞ்சுவலியின் தன்மை, நீரிழிவு, குருதி அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம், பெற்றோர்க்கு இருந்த நோய் ஆகியவையே இங்கு முன்பின் சொற்கள். அவற்றை விட்டுப் படத்தை மட்டும் படித்தால் குறில் நெடிலாகும், நெடில் குறிலாகும்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். ஓயாமல் உழைக்கும் இதயத் தசைக்கும் உணவு வேண்டும். அதனைக் கொண்டு செல்பவை கொரோனரித் தமனிகள். சில மில்லிமீட்டர் அகலமே உள்ள இக்குழாய்களின் உட்சுவரில் பல ஆண்டுகளாகக் கொழுப்புப் படிந்து, வழி குறுகுகிறது. நடக்கும்போது நெஞ்சு இறுகி, நின்றால் விட்டுவிடும் வலி அக்குறுக்கத்தின் அடையாளம். படிவம் திடீரென வெடித்து, அதன்மேல் குருதி உறைந்து வழியை மூடிவிட்டால் அதுவே மாரடைப்பு. பெரிய அடைப்புதான் மாரடைப்பைத் தரும் என்பதில்லை. சிறிய படிவமும் வெடிக்கக் கூடும். இதனை நினைவில் வைத்தால் பின்னர் வரும் செய்திகள் எளிதில் விளங்கும்.

இக்குழாய்களை நேரே காணும் வழி 1958ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மேசன் சோன்ஸ் என்னும் மருத்துவரால் பிறந்தது. மெல்லிய குழாயைத் தமனி வழியே இதயம் வரை செலுத்தி, மருந்தைப் பாய்ச்சி எடுக்கும் ஆஞ்சியோகிராம் அது. குறுகிய தமனிக்கு மாற்றுவழி அமைக்கும் பைபாஸ் அறுவையும் பின்னர் வளர்ந்தது. இந்தியாவில் அதனை முதன்முதலில் 1975ஆம் ஆண்டு சென்னை, பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் மருத்துவர் கே. எம். செரியன் செய்தார். குழாய் ஆஞ்சியோகிராம் இன்றும் உரைகல்லாக விளங்குகிறது; பிற சோதனைகளின் துல்லியம் அதனோடு ஒப்பிட்டே அளக்கப்படுகிறது. ஆனால் குழாய் செலுத்தும்போது குருதிக் கசிவு முதலான இடர்கள் சிறிதளவேனும் உண்டு. நெஞ்சுவலி என்று வரும் அனைவர்க்கும் அதனைச் செய்வது முறையன்று. ஆகவேதான் குழாய் செலுத்தாத சோதனைகள் தேடப்பட்டன.

அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்கு விடை தருபவை. படுக்கவைத்து எடுக்கும் இ.சி.ஜி. இதயத்தின் மின்னோட்டத்தைக் காட்டும். மாரடைப்பு நேரத்தில் அதற்கு இணையான விரைவுச் சோதனை இல்லை. ஆனால் ஓய்வில் இருக்கும்போது கடுமையான அடைப்பு உள்ளவர்க்கும் அது இயல்பாக இருக்கலாம். எக்கோ, இதயம் சுருங்கி விரியும் வலிமையையும் வால்வுகளையும் காட்டும்; தமனியின் அடைப்பை நேரே காட்டாது. "எக்கோ நன்றாக இருக்கிறது, ஆகவே அடைப்பு இல்லை" என்று முடிவு செய்வது தவறு. டிரெட்மில் சோதனை, உழைக்கும் இதயத்துக்குக் குருதி போதுகிறதா என்று கேட்கிறது. 1989ஆம் ஆண்டு 147 ஆய்வுகளையும் 24,074 நோயாளிகளையும் தொகுத்துப் பார்த்தபோது, நோய் உள்ள நூறு பேரில் சராசரியாக 68 பேரை அது கண்டுபிடித்தது. நோய் இல்லாத நூறு பேரில் 77 பேரை மட்டுமே சரியாக விடுவித்தது. பெண்களிடம் அதன் துல்லியம் இன்னும் குறைவு. கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் தாலியம் போன்ற ஸ்கேன்கள், தசையின் எப்பகுதிக்குக் குருதி குறைகிறது என்பதைக் காட்டும்.

இவற்றிலிருந்து வேறுபட்டது சி.டி. ஆஞ்சியோகிராம். தமனியின் வடிவத்தையே அது காட்டும். காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. கருவி 1971ஆம் ஆண்டு முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் எடுத்தது. 1979இல் ஆலன் கார்மாக்குடன் அவர் நோபல் பரிசு பெற்றார். மூளை அசையாது, இதயமோ நொடிதோறும் துடிப்பது. ஓடும் குதிரையின் குளம்பைப் படம் பிடிப்பது போன்ற வேலை அது. அதனால் இதயத் தமனியைத் தெளிவாகக் காண மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே சுற்றில் 64 அடுக்குகளை எடுக்கும் கருவிகள் வந்த பிறகே அது நடைமுறைக்கு வந்தது.

அதன் துல்லியம் என்ன? 2008ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டு ஆய்வுகளை ஒப்பிட்டால் உண்மை விளங்கும். அமெரிக்காவில் 230 பேரிடம் நடந்த ஆய்வில், பாதிக்கு மேல் குறுகிய தமனி உள்ள நூறு பேரில் 95 பேரை ஸ்கேன் கண்டுபிடித்தது. நோய் இல்லாத நூறு பேரில் 83 பேரை விடுவித்தது. "அடைப்பு இல்லை" என்று ஸ்கேன் கூறியபோது அது 99 விழுக்காடு உண்மையாயிற்று. ஏழு நாடுகளில் 291 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்விலோ, "அடைப்பு இல்லை" என்ற சொல் 83 விழுக்காடே உண்மையாயிற்று. ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு அச்சொல் பொய்த்தது.

இரண்டிலும் பயன்பட்டவை 64 அடுக்குக் கருவிகளே. ஏன் இந்த வேறுபாடு? முதல் ஆய்வில் நால்வரில் ஒருவர்க்கே நோய் இருந்தது. இரண்டாவதில் பாதிக்கும் மேற்பட்டோர்க்கு இருந்தது. ஸ்கேனின் சொல்லுக்குள்ள மதிப்பு, ஸ்கேனுக்கு முன் நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்பதையும் பொறுத்தது. இன்றைய பொழிவில் ஒன்றை மட்டும் நினைவில் கொண்டு செல்வதாயின் இதனைக் கொண்டு செல்லுங்கள்.

ஒரு கணக்கு இதனைத் தெளிவாக்கும். முதல் ஆய்வு கூறிய திறன்களையே வைத்துக்கொள்வோம். எந்தத் தொல்லையும் பெரிதாக இல்லாத ஆயிரம் பேர் ஸ்கேன் எடுக்கிறார்கள். அவர்களில் பத்தில் ஒருவர்க்கு, அதாவது 100 பேர்க்கு நோய் உண்டு என்று கொள்வோம். ஸ்கேன் 95 பேரைக் கண்டுபிடிக்கும், ஐவரைத் தவறவிடும். நோயில்லாத 900 பேரில் 153 பேர்க்கும் "அடைப்பு உண்டு" என்று தவறாகச் சொல்லும். ஆக, அடைப்பு என்று அறிக்கை பெற்றவர் 248 பேர். உண்மையில் நோய் உள்ளவர் அவருள் 95 பேரே. ஐவரில் மூவர் வீணே கலங்குவர். ஆனால் "இல்லை" என்று அறிக்கை பெற்ற 752 பேரில் தவறியவர் ஐவர் மட்டுமே. இக்குழுவினர்க்கு "இல்லை" என்ற சொல்லை நம்பலாம். "உண்டு" என்ற சொல்லை ஆராய வேண்டும்.

இனி மற்றோர் ஆயிரம் பேர். அறுபது வயதைக் கடந்தவர், நீரிழிவு உள்ளவர், நடந்தால் நெஞ்சு இறுகும், நின்றால் விடும். இவர்களில் 600 பேர்க்கு நோய் உண்டு என்று கொள்வோம். ஸ்கேன் 570 பேரைக் கண்டுபிடிக்கும். 30 பேரைத் தவறவிடும். நோயில்லாத 400 பேரில் 68 பேரைத் தவறாக நோயாளி என்னும். இங்கு "உண்டு" என்ற சொல் பத்தில் ஒன்பது முறை மெய்யாகும். ஆனால் "இல்லை" என்று சொல்லி அனுப்பப்பட்ட 362 பேரில் 30 பேர்க்கு, அதாவது பன்னிருவரில் ஒருவர்க்கு, நோய் இருக்கும். கருவி மாறவில்லை, அதன் சொல்லுக்குள்ள எடை மாறிவிட்டது. இத்தகைய ஒருவர் "நார்மல்" என்ற அறிக்கையோடு வீடு திரும்பினாலும், நெஞ்சிறுக்கம் தொடருமானால் மீண்டும் மருத்துவரைக் காண வேண்டும்.

தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தால் படத்தில் அது பளிச்சென்று விரிந்து, அடைப்பை மிகுத்துக் காட்டும். முதியோரிடமும் சிறுநீரக நோயாளரிடமும் இது மிகுதி. வேகமான துடிப்பு, சீரற்ற துடிப்பு, மூச்சை அடக்க இயலாமை ஆகியவையும் படத்தை மங்கச் செய்யும். இச்சுண்ணாம்பை மட்டும் அளக்கும் "கால்சியம் ஸ்கோர்" என்ற சோதனையை 1990இல் ஆகட்ஸ்டன் வகுத்தார். அதற்கு மருந்து ஏற்ற வேண்டியதில்லை. எண் உயர உயர, வருங்கால இடர் உயரும். ஆனால் "பூச்சியம்" என்று வந்துவிட்டதால் படிவமே இல்லை என்று பொருளாகாது. சுண்ணாம்பு சேராத மென்மையான படிவம் அதில் தெரியாது. இளையோரிடம் இதனைச் சிறப்பாக எண்ண வேண்டும். தெற்காசியரிடம் முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53, பிற நாட்டினரிடம் 58.8 என்று 2007இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு காட்டியது.

அப்படியாயின் இந்த ஸ்கேனால் யாது பயன்? ஸ்காட்லாந்தில் நெஞ்சுவலியோடு வந்த 4,146 பேரிடம் நடந்த ஆய்வு இதற்கு விடை தருகிறது. வழக்கமான மருத்துவத்தோடு சி.டி. ஆஞ்சியோகிராமும் பெற்றவரில், ஐந்தாண்டுகளில் மாரடைப்போ இதய நோயால் இறப்போ நேர்ந்தவர் 2.3 விழுக்காடு, ஸ்கேன் இல்லாமல் வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவரில் 3.9 விழுக்காடு. 2018இல் இம்முடிவு வெளிவந்தது. ஸ்டென்டும் பைபாஸும் இரு குழுக்களிலும் ஏறத்தாழ ஒரே அளவே நடந்தன. படத்தைப் பார்த்தபின் தக்கவர்க்குத் தக்க மாத்திரைகள் தொடங்கப்பட்டமையே நன்மைக்குக் காரணமாகக் கருதப்படுகிறது. வட அமெரிக்காவில் 10,003 பேரிடம் நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வில், டிரெட்மில் போன்ற சோதனைகளைவிட சி.டி. முறை இறப்பையும் மாரடைப்பையும் குறைத்ததாகத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து நோக்கினால், படம் எடுத்ததே காப்பாற்றிவிடாது. அதைத் தொடர்ந்து செய்யும் மருத்துவமே காக்கும் என்பது புலனாகும்.

அடைப்பு தெரிந்தால் உடனே ஸ்டென்ட் என்ற எண்ணமும் ஆராயத்தக்கது. 5,179 பேரிடம் நடந்து 2020இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில், நிலையான நோய் உள்ளவர்க்கு மருந்தோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸையும் முதலிலேயே செய்தது, மருந்தை மட்டும் கொண்டு தொடங்கியதைவிட இறப்பையும் மாரடைப்பையும் குறைக்கவில்லை. நெஞ்சுவலி மிகுந்தவர்க்கு வலி குறைந்தது. இடப்பக்கத் தலைமைத் தமனியில் அடைப்பு உள்ளோரும், மாரடைப்பு நேர்ந்துகொண்டிருப்போரும் இக்கணக்கில் சேரார். அவர்க்கு விரைவான சிகிச்சை உயிர்காப்பது. ஏனையோர்க்கு இரண்டாம் மருத்துவர் ஒருவரின் கருத்தைக் கேட்கவும், எண்ணிப் பார்க்கவும் நேரம் உண்டு. நகையை அடகு வைக்கும் முன் இந்த வேறுபாட்டைக் கேட்டறிவது குடும்பத்தின் உரிமை.

இனி, நம் இல்லங்களுக்கே உரிய சில செய்திகள். "புலால் உண்ணாதவர்க்கு மாரடைப்பு வராது" என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு. இங்கிலாந்தில் நெடுநாள் நடந்த ஓர் ஆய்வில் மரக்கறி உண்போர்க்கு இதயத் தமனி நோய் 22 விழுக்காடு குறைவாக இருந்தது உண்மையே. ஆனால் குறைவு என்பது இல்லை என்பதாகாது. பட்டை தீட்டிய அரிசி, எண்ணெய்ப் பலகாரம், இனிப்பு, உடலுழைப்பு இன்மை, நீரிழிவு ஆகியவை மரக்கறி வீட்டிலும் தமனியை அடைக்கும். சென்னையில் நடந்து 2001இல் வெளிவந்த ஆய்வு, நூற்றுக்குப் பதினொருவர்க்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. நீரிழிவு உள்ளோரில் அது 21.4 விழுக்காடு.

உண்ணாநோன்பு இருக்கும் நாளிலும் அதன் மறுநாளிலும் மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேனைத் தவிர்ப்பது நலம். அயோடின் கலந்த அம்மருந்து சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவது. நீர்ச்சத்துக் குறைந்த உடலில் அது சிறுநீரகத்துக்குச் சுமையாகும். ஸ்கேனுக்கு முன் கிரியாட்டினின் அளவைப் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் உண்போர் அதனை நிறுத்த வேண்டுமா என்று கேட்க வேண்டும். ஆஸ்துமாவோ மருந்து ஒவ்வாமையோ இருப்பின் முன்கூட்டியே சொல்ல வேண்டும். துடிப்பைத் தணிக்கத் தரும் மாத்திரை ஆஸ்துமா உள்ளவர்க்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். காப்பி, தேநீர் ஆகியவற்றை முன்னாளே விட வேண்டும். பொழுது சாய்ந்தபின் நீரும் அருந்தாத பெரியோர், இரவு மாத்திரையைத் தாமே விட்டுவிடாமல், மாலையிலேயே உண்ணும்படி நேரத்தை மாற்றித் தர இயலுமா என்று மருத்துவரைக் கேட்டால் வழி பிறக்கும்.

ஸ்கேனுக்கு ஒப்புக்கொள்ளும் முன் மருத்துவரிடம் கேட்கத்தக்கவை மூன்று. ஸ்கேனுக்கு முன்னரே எனக்கு நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? "இல்லை" என்று வந்தால் என்ன செய்வோம்? "உண்டு" என்று வந்தால் அடுத்து என்ன? இரு விடைகளுக்கும் சிகிச்சை ஒன்றே என்றால், அந்த ஸ்கேன் தேவையில்லை. விழாக்காலத் தள்ளுபடி விலையில், தொல்லை ஏதும் இல்லாதவர் குடும்பத்தோடு எடுத்துக்கொள்ளும் ஸ்கேனின் நிலையை முன்னர்ச் சொன்ன முதல் ஆயிரம் பேர் கணக்கே காட்டிவிட்டது.

இறுதியாக, இவையெல்லாம் பொறுத்திருந்து ஆராயும் நிலைக்கே பொருந்தும். நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சுத்திணறல், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவை ஓய்விலும் நீங்காவிடின், அது ஸ்கேனுக்கு நாள் குறிக்கும் நேரமன்று. பெண்களுக்கும் நீரிழிவு உள்ளோர்க்கும் வலியின்றிக் களைப்பும் மூச்சிரைப்பும் மட்டும் வரக்கூடும். "வாய்வு" என்று சொல்லிச் சுக்குநீர் குடித்துக் காத்திருக்கக் கூடாது. ஏலாக்குறிச்சி போன்ற ஊரிலிருந்து அரியலூரோ தஞ்சாவூரோ செல்ல ஆகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையின் இழப்பு. 108ஐ அழைத்து, அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் முதலில் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். 2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே குருதி உறைவைத் தடுக்கும் மாத்திரைகளை உடனே தந்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகின்றனர். அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. கொள்ளிடத்தைக் கடந்தால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி உண்டு. எங்கே செல்வது என்பதை நோய் வரும் முன்னரே வீட்டில் பேசி முடிவு செய்து வைப்பது நன்று.

ஸ்கேன் நல்ல கருவி. தக்கவர்க்கு எடுத்தால், "அடைப்பு இல்லை" என்று சொல்லி அச்சத்தை நீக்குவதில் அது மிக வல்லது. "உண்டு" என்று சொல்லும்போது, மருத்துவரோடு அமர்ந்து ஆராய வேண்டிய தொடக்கம் அது. வீட்டில் ஓர் அறிக்கை இருக்குமானால், கடைசி வரியை மட்டும் படித்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள். வயதையும் வலியையும் நீரிழிவையும் அறிந்த மருத்துவரிடம் கொண்டு சென்று, முன்பின் நோக்கிப் படிக்கச் செய்யுங்கள். மாத்திரையையும் நடைப்பயிற்சியையும் விடாதீர்கள்.